நெட்டுக்கு முதல் காசு போட்டது ஆர்? கேட்டியள், சொல்லுறன்

கிளிநொச்சியில பிறந்து, கம்பஸ் ஒண்டில நெட்வேர்க் வேலையும் றிசேர்ச்சுக்குக் காசு தேடிப் புரொபோசல் எழுதிற வேலையுமா எனக்குப் பதினைஞ்சு வருசம் ஓடிப்போச்சு. போன கிழமை ஒரு தம்பி "கம்பியூட்டர் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஏன் காசு போடோணும்" எண்டு கேட்டதுக்கு, அரசாங்கம் காசும் போடோணும், காசு போடுற ஆக்களை ஒருங்கிணைக்கவும் வேணும் எண்டு ரெண்டு வரி எழுதப்போக கேள்வி குவிஞ்சிட்டுது. ஒரேயடியா இருந்து எழுதுறன், போனில தட்டுறதால எழுத்துப்பிழை இருந்தால் பொறுங்கோ.

கேள்வி (ஏ.எல். படிக்கிற தங்கச்சி, புதுக்குடியிருப்பு): இன்டர்நெட்டைக் கண்டுபிடிச்சது கூகிள் மாதிரிக் கொம்பனியள் தானே, இதுக்குள்ள அரசாங்கம் எங்க வந்தது?

இல்லை தங்கச்சி, கொம்பனியள் கடைசிப் பந்தியில வந்து குந்தினவை, உலை வைச்சது வேற ஆக்கள். 1957ல ரஷ்யா ஸ்புட்னிக்கை மேல விட்ட பயத்தில அமெரிக்கா அடுத்த வருசமே ஆர்ப்பா எண்டு ராணுவ ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கிற அமைப்பு ஒண்டைத் தொடங்கினது, அதின்ர காசில தான் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட். 1969 ஒக்டோபர் 29 இரவு லொஸ் ஏஞ்சலிஸ் யூனியில ஒரு பெடியன் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கம்பியூட்டருக்கு "லொகின்" எண்டு அடிக்க வெளிக்கிட, எல், ஓ எண்டு ரெண்டெழுத்துப் போனவுடன அங்கால சிஸ்டம் படுத்திட்டுது. முதல் நாளே கிராஷ்!

பிறகு 1986ல அவையின்ர தேசிய விஞ்ஞான மன்றம், என்எஸ்எஃப் எண்டுவினம், யூனியளை இணைக்க என்எஸ்எஃப்நெட் போட்டுது, தொடக்கத்தில செக்கனுக்கு 56 கிலோபிட், இண்டைக்கு முள்ளியவளையில ரெண்டு கோடு சிக்னலோட நிக்கிற போன் இதைவிட ஓடும். 1991ல அது 45 மெகாபிட்டுக்கு ஏறி, 1995 ஏப்ரல்ல அரசாங்கம் கையை எடுத்துத் தனியாரிட்ட விட்டுது. படத்தோட பக்கம் பார்க்கிற மொசைக் பிறவுசர் 1993ல வந்தது இலினோய் யூனியின்ர சூப்பர் கம்பியூட்டர் நிலையத்தில, அதுவும் அரச காசு. நீங்கள் சொல்லுற கூகிளின்ர முதல் வேலையே ஸ்டான்ஃபோர்ட்டில டிஜிட்டல் நூலகம் எண்ட புரொஜெக்டுக்குள்ள நடந்தது, அதுக்குக் காசு குடுத்ததும் என்எஸ்எஃப் தான்.

கேள்வி (கமக்கார ஐயா, ஒட்டுசுட்டான்): தம்பி, ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்பு எண்டு எழுதிறீர், காசை ஒருத்தனிட்டக் குடுத்தால் அவன் பிரிச்சுக் குடுக்கிறான், அதுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

ஐயா, சிறுபோகக் கூட்டத்துக்கு வருசா வருசம் போற உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தாறதோ. ஜி.ஏ. (மாவட்ட அரசாங்க அதிபர்) இருப்பார், நீர்ப்பாசன எஞ்சினியர் இருப்பார், கமநல சேவை, விவசாயத் திணைக்களம், கமக்காரர் அமைப்பு எல்லாம் இருக்கும். ஒரு திணைக்களத்தின்ர காசு மற்றத் திணைக்களத்துக்குப் போறேல்லை, ஆனால் குளத்தில எத்தினை அடி தண்ணி, எத்தினை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதி கதவு திறக்கிறது எண்டு ஒரே இடத்தில முடிவாகுது. அது நடக்காட்டி மேல்வாய்க்கால்காரன் மறிச்சு இறைச்சுப்போட்டு இருப்பான், கடைசி வாய்க்கால் வெடிச்சுக் கிடக்கும்.

அமெரிக்காவிலயும் அச்சொட்டா இதே கதை. பாதுகாப்பு, எரிசக்தி, நாசா, சுகாதாரம், என்எஸ்எஃப் எண்டு எல்லாரும் தனித்தனியா கம்பியூட்டருக்குக் காசு கொட்டிக்கொண்டிருந்தவை, ஒருத்தர் செய்யிறது மற்றவைக்குத் தெரியாது. செனற்றர் அல் கோர் கொண்டுவந்த கம்பியூட்டர் ஆராய்ச்சிச் சட்டத்தில 1991 டிசம்பர்ல அப்ப ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ் கையெழுத்து வைச்சார், அதில இருந்து வளர்ந்தது தான் கம்பியூட்டர், நெட்வேர்க் ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கிற, இப்ப என்ஐடிஆர்டி எண்டுற திட்டம், இருபதுக்கு மேல அரச அமைப்புகள் ஒரு மேசையில. அதை நடத்துறது ஒரு சின்ன ஒஃபிஸ் தான், அதின்ர செலவைக் கூட உறுப்பினர் அமைப்புகளே பங்கு போட்டுக் குடுக்கினம். ஆர் எதுக்கு எவ்வளவு போடுகினம் எண்டு வருசா வருசம் ஜனாதிபதியின்ர பட்ஜெட்டோட ஒரு புத்தகம் போகும். ஆனால் ஐயா, அந்த மேசைக்கு ஒருத்தற்ற பொக்கற்றிலயும் கை வைக்கிற அதிகாரம் இல்லை. கதைக்கலாம், இணங்கலாம், கட்டளை போட ஏலாது. அதால தான் இவ்வளவு காலம் உடையாமல் நிக்குது எண்டது என்ர எண்ணம், அதிகாரம் குடுத்திருந்தால் எப்பவோ பதவிச் சண்டை வந்திருக்கும்.

கேள்வி (பேர் வேண்டாம் எண்டவர்): இதெல்லாம் கடைசியில ஆயுதத்துக்குத் தானே?

மறைக்கேல்லை அண்ணை, தொடக்கக் காசு ராணுவக் காசு தான். சண்டை நேரம் தலைக்கு மேல வண்டு (ஆளில்லாத வேவு விமானம்) சுத்தின சத்தம் இப்பவும் காதில இருக்கிற சனத்துக்கு நான் வேற கதை சொல்லி என்ன. ஒண்டு மட்டும் சொல்லலாம், அங்கேயே இந்தக் கேள்வி வந்தது. 1969ல மான்ஸ்ஃபீல்ட் எண்ட செனற்றர் கொண்டுவந்த திருத்தம், ராணுவத் தேவையோட நேரடித் தொடர்பில்லாத ஆராய்ச்சிக்கு ராணுவக் காசு குடுக்கேலாது எண்டுது. அதுக்குப் பிறகு அடிப்படை ஆராய்ச்சிப் பாரம் கூடுதலா என்எஸ்எஃப் பக்கம் சாய்ஞ்சுது.

கேள்வி (மாங்குளம்): இந்தியா எப்படி?

சுருக்கமாச் சொன்னால், வீம்பில பிறந்தது. வானிலைக்குக் கிரே கொம்பனியின்ர ஒரு சூப்பர் கம்பியூட்டர் குடுத்த அமெரிக்கா அதைவிடப் பெலமானதைத் தர மறுக்க, 1988ல சிடாக் எண்ட அரச கம்பியூட்டர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடக்கி 1991ல பரம் 8000 எண்ட சூப்பர் கம்பியூட்டரைத் தாங்களே செய்து காட்டினவை. 2015ல 4500 கோடி இந்திய ரூபாயில தேசிய சூப்பர் கம்பியூட்டர் திட்டம், ரெண்டு அமைச்சு சேர்ந்து.

கேள்வி (அறிவியல் நகர், இறுதி வருசம்): எல்லாம் வெளிநாட்டுக் கதை அண்ணை. எங்கட நாட்டில ஆர் குடுக்கினம், நான் கேட்கலாமோ?

தம்பி, இலங்கை ஆராய்ச்சிக்குப் போடுற காசு மொத்த உற்பத்தியில 0.1 வீதத்துக்குக் கிட்ட. தென்கொரியா 5 வீதமளவு. இனிக் கணக்குப் பாருங்கோ. இங்கயும் ஒரு என்எஸ்எஃப் இருக்கு, பேர் தான் ஒண்டு, பொக்கற் வேற. தேசிய ஆராய்ச்சிச் சபை இருக்கு, யூனியளுக்குள்ள சின்ன கிராண்ட் (ஆராய்ச்சிக்குக் குடுக்கிற காசு) இருக்கு, இடையில உலக வங்கிக் காசில அஹெட் எண்டு ஒரு திட்டமும் வந்து போச்சு. பட்டம் எடுக்க முதல் உங்கட பேரில கேட்கேலாது, சுப்பவைசர் சேரின்ர பேரில போகோணும், ஆனால் எழுதிறது நீங்களா இருக்கலாம். உங்கட துறை ஆக்கள் தான் வாசிச்சுப் புள்ளி போடுவினம்.

கிடைச்சால் முடிஞ்சுது எண்டு நினையாதேங்கோ. 2021 கடைசியில எங்களுக்கு ஒரு சின்னக் கிராண்ட் வந்தது, ரெண்டு ஜிபியு (ஏஐ மாதிரிக் கணக்கை வேகமாப் போடுற சிப்) போட்ட சேவருக்கு மூண்டு கொட்டேசன் எடுத்து, கமிட்டி கூடி, ஒருத்தர் லீவில போய், திரும்பக் கூடி, ஓடர் போடுற நேரம் பார்த்து 200 ரூபாயில நிண்ட டொலர் மே மாசம் 360க்குப் போய் நிக்குது. கொட்டேசன் தந்தவர் போனே எடுக்கேல்லை. ரெண்டு ஜிபியு ஒண்டாச்சு, யூபிஎஸ் இல்லையெண்டாச்சு, பெட்டி வந்து இறங்கேக்க அந்த வேலை செய்த பிள்ளை பட்டமெடுத்து மெல்பேர்ண் போட்டுது. மூண்டு மாசம் அந்தப் பெட்டிக்கு மேல வைச்சுத் தான் நாங்கள் தேத்தண்ணி குடிச்சது.

உருப்படியா நிண்டது எண்டால் லேர்ண், எங்கட யூனியளை இணைக்கிற நெட்வேர்க். 1990 அளவில மொறட்டுவவில பேராசிரியர் அபய இந்துருவ தொடக்கின மெயில் சேவை, அப்ப நாங்கள் இங்க ஜாம் போத்தல் விளக்கில படிச்சுக்கொண்டிருந்தம். இண்டைக்கு யூனியள் எல்லாம் அந்த நெட்வேர்க்கில தான், 2020 கொரோனா நேரம் கம்பஸ் பிள்ளையள் டேட்டாக் காசில்லாமல் ஸூமில படிச்சதும் அதால. ஒவ்வொரு யூனியும் தனித்தனிய லைன் எடுத்திருந்தால் நடந்திருக்குமோ?

கேள்வி (கண்டாவளை): வன்னிக்கு எண்டு இதில என்ன கிடக்கு?

2018 டிசம்பர் கிளிநொச்சி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டியள். வீட்டுக்குள்ள தண்ணி வந்த பிறகு தான் ஆர் கதவு திறந்தது, ஏன் பிந்தினது எண்டு சண்டை பிடிச்சம். இரணைமடுக் குளத்துக்குத் தண்ணி கொண்டு வாறது கனகராயன் ஆறு. அது வழிய மழைமானியும் நீர்மட்டம் பார்க்கிற சென்சரும் வைச்சு, கம்பியூட்டரில ஒரு சின்னக் கணிப்பு மொடல் ஓட்டி, எத்தினை மணித்தியாலத்தில குளம் 36 அடியைத் தொடும் எண்டு சொல்லுறது பெரிய விண்வெளி வித்தை இல்லை. சாமானும் பெரிய விலை இல்லை. மழைக்கணக்கு ஒரு திணைக்களத்தில, குளக்கணக்கு இன்னொண்டில, எச்சரிக்கை விடுறது மூண்டாவது இடம், மொடல் செய்யக்கூடிய பிள்ளையள் அறிவியல் நகர் கம்பஸில. இந்த நாலு பேரையும் ஒரு மேசையில இருத்துறதுக்குக் கிராண்ட் விண்ணப்பத்தில ஒரு கட்டம் கூட இல்லை, அது தான் எனக்கு எரிச்சல்.

கேள்வி (ஒரு அம்மா, வவுனியா): மகன் பம்பைமடுக் கம்பஸில படிக்கிறான், ஏஐ ஆராய்ச்சி எண்டு நிக்கிறான். சோறு போடுமோ தம்பி?

அம்மா, உடன போடாது. முதல் ரெண்டு மூண்டு வருசம் ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம், கிராண்ட் முடிய அதுவும் முடியும். பக்கத்தில ஒரு வேலை பார்த்துக்கொண்டு செய்யிறது புத்தி. ஆனால் மறிக்காதேங்கோ. செய்ய நினைக்கிறதை ரெண்டு பக்கத்துக்கு மேல போகாமல் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ, வாசிச்சுத் திருத்தித் தாறன். ஏஐ எண்ட சொல்லு பத்துத்தரம் இருந்து, எங்கட ஊரில ஒரு குளத்தின்ர பேரோ பயிரின்ர பேரோ ஒருக்காலும் இல்லாட்டி மட்டும் திருப்பி அனுப்பிப்போடுவன், கோவிக்கப்படாது.