நாட்டோ விற்றவர் கண்டெடுத்த ஜப்பான்

கேள்வி: ஜப்பானிய மன்னர்கள் சூரிய வம்சம் என்கிறார்களே, அது எவ்வளவு பழைய கதை? (வாசகி, திருச்சி)

பதில்: எழுத்தில் ஏறியது கி.பி. 712-இல், ‘கோஜிகி’ நூலில். செத்துப்போன மனைவியைப் பாதாளத்தில் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடிவந்த படைப்புக் கடவுள் இஸனாகி, தீட்டுக் கழியக் குளிக்கிறார். இடக்கண்ணைக் கழுவியபோது பிறந்தவள் சூரியதேவி அமதெரசு. இன்றும் சாவுக்குப் போய்வந்தால் உப்பைத் தூவிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் ஜப்பானியர்கள் உண்டு.

அமதெரசுவின் வழியில் வந்த ஜிம்மு கி.மு. 660-இல் முதல் மன்னரானதாக 720-இல் வந்த ‘நிஹோன் ஷோகி’ சொல்கிறது. இரண்டுமே அரசவை எழுதவைத்தவை. வம்சாவளி பளிச்சென்று இருப்பதில் வியப்பில்லை. அந்தக் கணக்குப்படி பிப்ரவரி 11 அங்கே விடுமுறை. நான் தோக்கியோவில் வேலை பார்த்தபோது, எதற்கு லீவு என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன். “பனிச்சறுக்குக்குப் போக” என்றார்.

கேள்வி: சரி, புராணத்தை விடுங்கள். உண்மையில் அங்கே மனிதர்கள் எப்போதிலிருந்து? (வாசகர், மதுரை)

பதில்: 30,000 ஆண்டுகளுக்கும் மேலாக. இதற்கு வழிகாட்டியவர் பேராசிரியர் அல்லர், சைக்கிளில் நாட்டோ விற்ற அய்ஸாவா தாதாஹிரோ. நாட்டோ என்பது நொதித்த சோயா. நூல் நூலாக இழுக்கும். மூன்று தடவை முயன்று தோற்றிருக்கிறேன். 1946-இல் குன்மா பகுதியின் இவாஜுகுவில், பாதையோரச் செம்மண் வெட்டில் அவர் கண்ணில் கல்சில்லுகள் பட்டன. அந்த மண் எரிமலைச் சாம்பல். சாம்பல் கொட்டிய காலத்தில் மனிதர் வாழ்ந்திருக்க முடியாது என்பதே அறிஞர்களின் முடிவு. அவர் விடவில்லை. 1949-இல் எரிமலைக் கண்ணாடியில் செய்த முழு ஈட்டிமுனையே கிடைத்தது. அதே ஆண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் தோண்டிப் பார்த்தது. பழைய முடிவு கவிழ்ந்தது.

அப்புறம் வந்தவர்கள் ஜோமோன் மக்கள். ஈரக் களிமண்ணில் கயிற்றை அழுத்திக் கோலமிட்டார்கள். ஜோமோன் என்றாலே கயிற்றுத் தடம்தான். நெல் வருவதற்கு வெகுகாலம் முன்பே பானை செய்துவிட்டார்கள் என்பதுதான் அதிசயம். வட ஜப்பானின் ஓதாய் யமமோதோ என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளுக்கு ஏறத்தாழ 16,000 வயது. அதில் ஒட்டியிருந்த தீய்ந்த சோற்றை, மன்னிக்கவும், ஏதோ ஒரு தீய்ந்த குழம்பை வைத்துத்தான் வயதைக் கணித்தார்கள். அடிப்பிடிக்க விட்டவர் வாழ்க!

கேள்வி: தமிழிலிருந்துதான் ஜப்பானியம் வந்ததாமே? (வாசகர், சேலம்)

பதில்: எனக்கும் ஆசைதான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் நெல், உலோகம், நெசவோடு தமிழ்ச் சொற்களும் அங்கே போயின என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்து சண்முகதாஸ் தம்பதி அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. நெல் வந்த வழியென்று தொல்லியல் காட்டுவதும் கொரியாவைத்தான்.