யாரும் "ரைட்" சொல்லாமலே வண்டி கெளம்பிடுச்சு

வணக்கம் மேடம்,

இத எழுதலாமா வேணாமான்னு மூணு வாரமா யோசிச்சேன், வெளிய சொன்னா சிரிப்பாங்க, ஏன்னா ஒரு கேம்ல வந்த சண்ட இது. எனக்கு 36 வயசு, சொந்த ஊர் திருநெல்வேலி, கல்யாணத்துக்கு அப்புறம் அமெரிக்கா வந்து இப்ப அரிசோனால சாண்ட்லர்ல இருக்கோம். வெள்ளிக்கிழம ராத்திரி ஆனா நானும் வீட்டுக்காரரும் இன்னும் மூணு பேரும் ஒரு ஃப்ரெண்ட் வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், நாலு வருஷமா. எங்கம்மாகிட்ட தாயம் மாதிரின்னு சொல்லி வெச்சிருக்கேன், தாயக்கட்டைக்கு பதிலா 20 பக்கம் இருக்குற டைஸ், காய்க்கு பதிலா நாமளே ஒரு கேரக்டரா ஆயிடுவோம், ஒருத்தர் மட்டும் கதைய நடத்துவார், அவர்தான் டிஎம். எங்க டிஎம் ஒரு அண்ணா, வேலை பாக்குறது டிரைவர் இல்லாத கார் செய்யுற கம்பெனில.

எங்கப்பா கவர்மெண்ட் பஸ் டிரைவர் மேடம். 27 வருஷம். ஒரு ஆக்சிடென்ட் கெடயாது, ரிட்டயர் ஆகும்போது டெப்போல மால போட்டு அனுப்புனாங்க, அந்த போட்டோ இன்னும் ஹால்ல மாட்டியிருக்கு. போன நவம்பர்ல இங்க வந்திருந்தார். டிஎம் அண்ணாதான் "அப்பாவ ஒரு தடவ வேமோல கூட்டிட்டு போங்க, அசந்துடுவார்"னு சொன்னார், வேமோன்னா டிரைவரே இல்லாம ஓடுற டாக்ஸி, சரின்னு வெள்ள ஜாகுவார் ஒண்ணு புக் பண்ணி பின்னாடி சீட்ல நானும் அப்பாவும் உக்காந்தோம். ஸ்டீயரிங் தானா சுத்துது, முன்னாடி ஆளே இல்ல. அப்பா ஒண்ணும் பேசல, ஆனா ஒவ்வொரு சிக்னல்லயும் அவர் வலது கால் கீழ மேட்ட அமுக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்துட்டு பாக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். எறங்குனப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "யாரும் ரைட் சொல்லலையே, எப்படி கெளம்புச்சு?"

அப்பா ஊருக்கு போனப்புறம் ஒரு நாள் டேபிள்ல பேச்சு வந்துச்சு. டிஎம் அண்ணா, இந்தியால 2022ல மட்டும் ரோட்ல செத்தவங்க 1,68,000 பேருக்கு மேல, சாஃப்ட்வேர் குடிக்காது தூங்காது, டிரைவருங்கற வேலையே இன்னும் கொஞ்ச வருஷம்தான்னார். எனக்கு சுருக்குன்னு ஆச்சு. 2018 மார்ச்ல டெம்பில, எங்க பக்கத்து ஊர்தான், ஊபரோட தானா ஓடுற டெஸ்ட் கார், சைக்கிள தள்ளிட்டு ரோட்ட கடந்த ஒரு அம்மாவ அடிச்சு கொன்னுச்சே அது என்னன்னு கேட்டேன். "அதுல கார கண்காணிக்க சீட்ல இருந்த மனுஷி போன்ல வீடியோ பாத்துட்டு இருந்தா"ன்னார். எல்லாரும் சிரிச்சுட்டு டீ குடிக்க போயிட்டாங்க.

அடுத்த வாரம் கேம்ல எங்க கூட்டம் ஒரு மாட்டு வண்டில போகுது. வண்டிக்காரர் வயசானவர், தூங்கிடறார், வண்டி பள்ளத்துல கவுந்துடுச்சு, எல்லாரும் டைஸ் போடுங்கன்னார் டிஎம் அண்ணா. எனக்கு 1 விழுந்துச்சு, இருக்கறதுலயே மோசமான நம்பர். என் கேரக்டர் செத்துப்போச்சு. "பாத்தீங்களா, டிரைவர நம்புனா இப்படித்தான்"னு டிஎம் அண்ணா சொல்ல எல்லாரும் சிரிச்சாங்க, என் வீட்டுக்காரரும்தான். நான் டைஸ தூக்கி செவுத்துல அடிச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல. "கேம்ல வந்ததுக்கெல்லாமா கோவம்"னு வீட்டுக்காரர் கேக்குறார். வெள்ளிக்கிழம வந்தா தூக்கமே வரல, அந்த வண்டிக்காரன்தான் ஞாபகத்துல வர்றான்.

இன்னொண்ணு. எனக்கு ஷிஃப்ட் முடிய ராத்திரி பதினொன்னரை ஆகும், வாரத்துல ரெண்டு நாள் நான் அந்த டிரைவர் இல்லாத கார்லதான் வீட்டுக்கு வரேன். தெரியாத ஆளோட தனியா வர்றத விட அது நிம்மதியா இருக்கு. அப்பாக்கு தெரியாது.

நான் செஞ்சது ஓவரா மேடம்?

ஆலோசகர் பதில்:

ஓவர் இல்லம்மா. டைஸ செவுத்துல அடிச்சத தவிர, அது யார் கண்ணுலயாவது பட்டிருந்தா என்ன ஆகுறது.

நீங்க கடைசில "இன்னொண்ணு"ன்னு போட்டு எழுதுனீங்களே, நான் அதுல இருந்து ஆரம்பிக்கறேன். டிஎம் சொன்னது முழுக்க தப்புன்னு நீங்க நெனச்சிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காது, ஏதோ ஒளர்றார்னு விட்டிருப்பீங்க. வாரம் ரெண்டு ராத்திரி உங்க உடம்ப அந்த வண்டிலதான் ஒப்படைக்கறீங்க, அதுல நிம்மதியும் இருக்கு, அப்போ அப்பாவோட 27 வருஷத்த நானே காட்டிக்குடுத்துட்டேனோன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அரிச்சிட்டே இருக்கு. டிஎம் அப்படி சொன்னப்போ அது வெடிச்சுடுச்சு. கோவத்துல பாதி அவர் மேல, அது நியாயமான பாதி. மீதி பாதி உங்க மேலயே.

உங்க விஷயத்த படிச்சதும் எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வந்துச்சு. ஜேம்ஸ் ஹென்ஸ்லின்னு ஒரு சமூகவியலாளர், 1967ல எழுதுனார், செயின்ட் லூயிஸ்ல டாக்ஸி டிரைவர்ங்க டைஸ் உருட்டி காசு வெச்சு ஆடறத கூடவே இருந்து பாத்தவர். சின்ன நம்பர் வேணும்னா மெதுவா உருட்டுவாங்களாம், பெரிய நம்பர் வேணும்னா வேகமா வீசுவாங்களாம். டைஸுக்கு அது தெரியவா போகுது? ஆனா கை நம்ம கைன்னா மனசு ஒரு பிடி கெடச்ச மாதிரி அடங்கும். ரோட்லயும் அதே கததான், ஓலா ஸ்வென்சன்னு ஒருத்தர் 1981ல அமெரிக்க மாணவர்கள கேட்டப்போ 93 சதவீதம் பேர் தங்கள சராசரிக்கு மேல நல்லா ஓட்டறவங்கன்னு சொல்லியிருக்காங்க, எல்லாரும் சராசரிக்கு மேல இருக்க முடியாதே. உங்கப்பா கால் மேட்ட அமுக்குனதும் இந்த கைபிடி போன தவிப்புதான், ஆனா அவர் விஷயத்துல ஒரு வித்தியாசம், அவருக்கு அது வெறும் நெனப்பு இல்ல, 27 வருஷம் ஐம்பது அறுபது பேர முதுகுக்கு பின்னாடி வெச்சு ஓட்டுன கால்.

டிஎம் சொல்ற கணக்கு ஊர்ல இருக்குற எல்லா டிரைவரையும் ஒண்ணா கலந்து போட்ட கணக்கு. நீங்க பேசுனது ஒரே ஒரு டிரைவர பத்தி. ரெண்டும் ஒரே நேரத்துல சரியா இருக்கலாம், அதனாலதான் இன்னும் பத்து வெள்ளிக்கிழம வாதாடுனாலும் இது முடியாது, டெம்பிய நீங்க எடுத்தா அவர் போன் வீடியோவ எடுப்பார். அதனால அவர்கிட்ட காரப் பத்தி பேசவே வேணாம். தனியா கூப்புட்டு, டேபிள்ல எல்லார் முன்னாடி இல்ல, "அண்ணா, அந்த வண்டிக்காரர் எனக்கு எங்கப்பா"ன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்கு இது தெரியாமலே இருக்க வாய்ப்பு நெறைய, அவர் தன் வேலைய காப்பாத்த பேசுனார், நீங்க அப்பாவ காப்பாத்த பேசுனீங்க.

வீட்டுக்காரர் கேட்டதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். "கேம்தானே"ன்னு தள்ளிவிட முடியாது. என் பையனும் இத ஆடறான், அவன்கிட்ட கேட்டுதான் எழுதறேன். தாயத்துல காய் வெட்டுப்பட்டா காய்தான் போகுது, இதுல நாலு வருஷமா உங்க குரல்ல பேசுன ஒரு ஆள் செத்திருக்கு, அதுவும் உங்கப்பாவ கேலி பண்ற ஒரு சீன்ல. இந்த மாதிரி காயம் படும்னு ஆடறவங்களுக்கே தெரியும், அதுக்குன்னே எக்ஸ் கார்டுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்களாம், ஒரு துண்டு அட்டைல எக்ஸ்னு எழுதி டேபிள் நடுவுல போட்டுடறது, யாருக்கு எது தாங்கலையோ அத தொட்டா போதும், ஏன் எதுக்குன்னு யாரும் கேக்காம அந்த சீன விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடணும். நாலு வருஷமா ஆடற உங்க டேபிள்ல அது இல்லங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். திரும்ப போறதா இருந்தா அத கேட்டு வாங்கிட்டு போங்க. போக பிடிக்கலன்னா போகாதீங்க, கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா தூக்கம் வராதது இன்னும் ஒரு மாசம் இழுத்தா அங்கயே யாரையாவது நேர்ல பாருங்க.

அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா. ராத்திரி பதினொன்னரைக்கு பொண்ணு எப்படி வீடு வந்து சேர்றான்னு திருநெல்வேலில உக்காந்து அவர் யோசிக்காம இருப்பார்னா நெனைக்கறீங்க? அந்த கார்ல ஏறி உக்காந்தப்புறம் கெளம்ப சொல்லி பட்டன அழுத்துறது நீங்கதானே, அப்போ அன்னைக்கு ரைட் சொன்னது நீங்கதான்னு அவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு. நீங்க பயந்துக்கிட்டு ஞாயித்துக்கிழம போன்ல பெருசா ஆரம்பிப்பீங்க, அவர் "பெல்ட் போட்டுக்கிறியா?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு அம்மாகிட்ட போன குடுத்துடவும் செய்வார்.