கேமரூன் போக மூன்று லட்சம் போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் ஜனவரியில் இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் இருக்கும் கேமரூன் போகலாம் என்று இருக்கிறோம். ஏழை நாடுதானே, அங்கே எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். மூன்று லட்சம் எடுத்து வைத்திருக்கிறோம். போதுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது. உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட்டு, அவர்கள் ஏறுகிற வண்டியில் ஏறினால் செலவு குறைவுதான். ஆனால் வெளியூரிலிருந்து போகிறவருக்கு வேண்டியது வேறு. கரன்ட் போனாலும் ஓடுகிற ஏசி உள்ள அறை, மண் ரோட்டில் போக டிரைவரோடு ஒரு வண்டி, நடுவில் ஒரு உள்நாட்டு விமானம், இப்படி. இதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும் கொடுக்கிற விலைக்குத்தான் கிடைக்கும். டுவாலா துறைமுக நகரம், பெரிய வியாபார ஊர். அங்கே சுமாரான ஓட்டல் அறைக்கே நம்மூரில் நல்ல ஓட்டலுக்குக் கொடுக்கும் வாடகை ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அடிஸ் அபாபா வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ போய்வர ஒரு டிக்கெட் 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் 1,80,000. விசாவுக்கு 30,000, தடுப்பூசி, மலேரியா மாத்திரை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 20,000 ஒதுக்குங்கள். மிச்சம் 70,000. 14 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 5,000 ரூபாய், அதுவும் இருவருக்கு. அதில் அறை வாடகை கொடுத்துவிட்டு மீதியில் சாப்பிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஊர் சுற்ற முடியாது. நாலரை லட்சமாக்குங்கள். அவசரத்துக்கு 40,000 தனியாக எடுத்து வைத்த பிறகும் நாளுக்குச் சுமார் 13,000 ரூபாய் கையில் இருக்கும். இதில் தாராளமாகவே சுற்றலாம். பணத்தைக் கூட்ட முடியாது என்றால் நாளைக் குறையுங்கள், ஒன்பது பத்து நாளில் திரும்பி வாருங்கள். அறையின் தரத்தைக் குறைத்து இரண்டு வாரமும் இழுக்கப் பார்த்தால் வெயிலிலும் கொசுவிலும் அவதிப்பட்டு நான்காம் நாளே வேறு ஓட்டல் தேடுவீர்கள், அதற்கு இன்னும் அதிகமாக ஆகும்.

மிச்சம் பிடிக்க நல்ல இடம் டாக்சி. டுவாலாவிலும் தலைநகர் யாவுண்டேயிலும் மஞ்சள் டாக்சியில் மீட்டர் கிடையாது. ரோட்டோரம் நிற்கிறீர்கள், வண்டி வேகம் குறைத்து வரும், ஏற்கெனவே உள்ளே நாலு பேர் இருப்பார்கள், முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நீங்கள் போகிற இடத்தையும் கொடுக்கிற காசையும் ஒரே மூச்சில் ஜன்னல் வழியாகச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் ஹாரன் அடிப்பார், இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் போய்க்கொண்டே இருப்பார். அந்த ஊர்க் காசில் சில நூறு ஃபிராங்க்தான் ஆகும். 'டெப்போ' என்று சொல்லி ஏறினால் வண்டி முழுக்க உங்களுக்கே, ஆனால் அதே தூரத்துக்குப் பல மடங்கு. ராத்திரியிலும், பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து வரும்போதும் டெப்போதான் நல்லது, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? டாலரா, கார்டா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: யூரோ. இதில் யோசிக்கவே வேண்டாம். கேமரூன், காபோன், சாட், காங்கோ குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, ஈக்வடோரியல் கினி ஆகிய ஆறு நாடுகளுக்கும் ஒரே நாணயம், மத்திய ஆப்பிரிக்க சிஎஃப்ஏ ஃபிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த விகிதம் மாறாது. டாலர் அப்படியில்லை, ஏறும் இறங்கும். யூரோ 100 ரூபாய் என்று கொண்டால் 1,000 ஃபிராங்க் சுமார் 152 ரூபாய். கடையில் மனக்கணக்குக்கு ஒரு சைபரை அடித்துவிட்டு அதோடு பாதியைக் கூட்டுங்கள், 6,000 ஃபிராங்க் என்றால் 600, அதோடு 300, ஆக 900 ரூபாய்.

செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் ஓடுகிற சிஎஃப்ஏவுக்கும் இதே மதிப்புதான், ஆனால் அது வேறு நோட்டு, இங்கே கடையில் வாங்க மாட்டார்கள். மிச்சமாகிற ஃபிராங்கை ஊர் திரும்பி மாற்றுவதும் குதிரைக்கொம்பு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கடைசி நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கார்டு என்றால் விசா கார்டு, மற்றவை பல ஏடிஎம்களில் எடுபடாது. கிளம்பும் முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள். நம் வங்கி எடுக்கும் கட்டணம், அந்த ஊர் வங்கி எடுக்கும் கட்டணம் என்று ஒவ்வொரு முறையும் போவதால் சின்னத் தொகையாகப் பலமுறை எடுக்காதீர்கள். அப்புறம் சில்லறை. ஏடிஎம் 10,000 நோட்டாகத் தள்ளும், டாக்சிக்காரரிடம் அதை நீட்டினால் அவர் உங்களை இறக்கிவிடவே பார்ப்பார். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியாவது உடைத்துக்கொள்ளுங்கள், 500 நோட்டும் நாணயமும் கையில் வந்தால் விடாதீர்கள். சிம் கார்டு வாங்கும்போதே எம்டிஎன் அல்லது ஆரஞ்ச் கம்பெனியின் மொபைல் மணியும் (போனிலேயே பணம் கொடுக்கும் கணக்கு) திறந்துகொண்டால் பாதி சில்லறைப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் காய்ந்த இறால் அரைத்துப் போட்ட குழம்பு வரும். அந்த ஊர்ப் பெருமையான உந்தோலே கீரையிலும் இறாலோ மாட்டிறைச்சியோ இருக்கும். காலையில் தெருவோரம் போண்டா மாதிரி எண்ணெயில் பொரித்து எடுத்து, பீன்ஸோடு கொடுப்பார்கள், வயிறு நிறையும், விலையும் குறைவு, பீன்ஸில் இறால் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த நேந்திரன், அவகாடோ, பெஞ்சா பக்கத்து அன்னாசி எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. க்ரிபி என்ற கடலோர ஊரில் படகுகள் கரை சேருமிடத்தில் மீனைக் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி, அங்கேயே சுடச் சொல்லலாம். சுடுகிற கூலியையும் மரவள்ளி, வாழைக்காயையும் சேர்த்தே விலை பேசிவிடுங்கள்.

கேள்வி: கேமரூன் மலையேற வழிகாட்டிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு ஒன்றும் ஒதுக்காதீர்கள். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட எரிமலை, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது இருப்பது தென்மேற்கு மாகாணத்தில், அங்கேயும் வடமேற்கிலும் 2017இலிருந்து பிரிவினைவாதிகளுக்கும் ராணுவத்துக்கும் சண்டை. அரசுகள் போகாதே என்று எச்சரித்திருக்கும் பகுதிக்குப் போனால் பல இன்ஷூரன்ஸ்கள் செல்லாது. மலைக்கு வைத்த பணத்தில் ஃபும்பான் என்ற ஊருக்குப் போங்கள், பாமுன் அரசர்களின் அரண்மனையும், இரட்டைத் தலைப் பாம்பும் சிலந்தியுமாகக் கட்டி 2024இல் திறந்த அருங்காட்சியகமும் பார்க்கலாம். க்ரிபி பக்கத்தில் லோபே ஆறு அருவியாக நேரே கடலில் விழுகிறது, படகுக்காரரிடம் ஏறும் முன் விலை பேசுங்கள்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கட்டாயம். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்று. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். திரும்பி வரும்போது நம்மூர் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். அதனால் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

கேள்வி: கேமரூனுக்குப் பதில் காபோன் போனால்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: காடும் யானையும்தான் நோக்கம் என்றால் போங்கள், ஆனால் ஒன்றரை மடங்கு பட்ஜெட் வேண்டும். சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதி இறக்குமதி, வாழைக்காய்கூட கேமரூனிலிருந்து லாரியில் வருகிறது. லோவாங்கோ பூங்காவுக்குப் படகும் வண்டியும் பிடித்துப் போவதற்கே கணிசமாக ஆகும். கையைக் கடிக்காமல் காடு பார்க்க லோபே பூங்கா பரவாயில்லை (க்ரிபி பக்கத்து லோபே ஆறு வேறு), தலைநகர் லீப்ரவில் பக்கத்திலிருந்து டிரான்ஸ்காபோனே ரயில் நேரே போகிறது. ரயில் தாமதமாவது சகஜம், ஒரு நாள் அறை வாடகை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.