மாலத்தீவு பேக்கேஜ்: விலைப்பட்டியலில் வராத செலவுகள்

கேள்வி: நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். கணவன், மனைவி இருவருக்கும் மாலத்தீவு ரிசார்ட்டில் 4 இரவு. அறை ஓர் இரவுக்கு 300 டாலர், 'பிளஸ் பிளஸ்' என்று ஏஜென்ட் எழுதித் தந்திருக்கிறார். ஏர்போர்ட்டிலிருந்து ரிசார்ட்டுக்கு சீபிளேனாம் (தண்ணீரில் இறங்கும் சிறு விமானம்). அதற்கு அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். விமானம் மாலை 5 மணிக்கு இறங்கும். அட்வான்ஸ் கட்டலாமா?

பதில்: இந்த நிலையில் கட்ட வேண்டாம். அந்த 'பிளஸ் பிளஸ்'தான் முதல் சிக்கல். சர்வீஸ் சார்ஜும் வரியும் வாடகைக்கு மேல் தனி என்று அர்த்தம். 300 டாலரின் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், ஆக 330. அந்த 330-இன் மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலை முதல் இந்த விகிதம்). 386 டாலர் 10 சென்ட். ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி, இருவருக்கு 24. ஓர் இரவு 410 டாலரைத் தாண்டிவிட்டது. 4 இரவுக்கு 1,200 என்று நினைத்தது 1,640 ஆகிறது, சாப்பாடு சேராமலேயே.

அடுத்தது 5 மணி. மாலேயின் வெலானா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு ஸ்பீட்போட், உள்நாட்டு விமானம், சீபிளேன் ஆகிய மூன்றில் ஒன்று. எது என்பதை ரிசார்ட் இருக்கும் தூரம்தான் முடிவு செய்யும். சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மதியம் மூன்றரை மணிக்குள் தரையிறங்கினால்தான் அன்றைக்கே இடம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நீங்கள் 5 மணிக்கு இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த முதல் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தால் அது வீண். திரும்பும்போதும் இதே கதைதான். காலை 8 மணி விமானம் என்றால் முந்தின நாளே ரிசார்ட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சீபிளேன் கட்டணம் போக வர ஆளுக்கு 400 டாலருக்கு மேல் போவது சாதாரணம். 'அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம்' என்பதை ஏற்காதீர்கள். வகை, தொகை, நேரம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதே சீபிளேனில் வழக்கமான வரம்பு. சர்வதேச விமானத்தில் 30 கிலோ தந்தாலும் இங்கே செல்லாது. மிஞ்சினால் கிலோவுக்குக் காசு. முறுக்கு டப்பாவை வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

ஸ்பீட்போட் தூரத்தில் உள்ள ரிசார்ட்டாக மாற்றினால் இந்த மாலை விமானத்தையே வைத்துக்கொள்ளலாம். இரவில் போட் உண்டா என்று மட்டும் முன்பே கேளுங்கள். எங்களைக் கேட்டால் ஸ்பீட்போட் ரிசார்ட்தான் நல்லது.

கேள்வி: 'இமுகா' படிவத்துக்கு ஆளுக்கு ரூ.3,000 கேட்கிறார்கள். டூட்டி ஃப்ரீ பாட்டில் எடுத்துப் போகலாமா?

பதில்: மாலத்தீவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஆன்லைனில் நிரப்பும் பயண அறிவிப்புப் படிவம்தான் இமுகா. அது இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள், மாலத்தீவு குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். திரும்பும்போது இன்னொரு முறை. கூகுளில் முதலில் வருவது பணம் பறிக்கும் போலித் தளமாக இருக்கலாம். அரசு முகவரி 'ஜிஓவி டாட் எம்வி' என்று முடியும். மது, பன்றி இறைச்சி, வேப் (மின்சிகரெட்) எதுவும் உள்ளே போகாது. சென்னையில் வாங்கிய பாட்டிலை மாலே கஸ்டம்ஸ் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: வேலூர் ஏஜென்ட் ஒருவர் ஜிபேயில் ரூ.80,000 வாங்கிக்கொண்டு ரிசார்ட் புக்கிங்கே போடவில்லை. பணமும் தரவில்லை.

பதில்: தனிநபர் எண்ணுக்கு அனுப்பியிருந்தாலும் யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், அவர் தந்த விலைப்பட்டியல் மூன்றும் இருந்தால் வழக்குக்கு வலு இருக்கும். முதலில் ரிசார்ட்டுக்கே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயரில் புக்கிங் இல்லை என்று எழுதி வாங்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஏஜென்ட் சென்னைக்குக் கடையை மாற்றிக்கொண்டு போயிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.