ஏற்காடு போய் வந்ததிலிருந்து காரில் 'ஊம்ம்' என்று சத்தம்: வீல் பேரிங்கா, டயரா?

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதைச் சோதிக்க முடியாது, அங்கே வேகமே வராது. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் 60-ல் போங்கள். சத்தம் வந்ததும் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் அடங்கியும் சத்தம் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால் கோளாறு சக்கரப் பக்கம்தான்: ஒன்று டயர், இல்லையென்றால் வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் பாகம்). (இதை மலை இறக்கத்தில் செய்துவிடாதீர்கள், சாமி!)

அப்புறம், அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடம், வலம் அசையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறவில்லையா? டயரைத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரிதான் முனகும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும்.

கடைசியாக ஜாக்கி. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டை (சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) பாருங்கள். ஆட்டமே இல்லை என்றாலும் நம்பிவிட வேண்டாம். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் மணலை அரைப்பது போல விரலில் நறநறவென்று தெரியும். என் வண்டியில் அப்படித்தான் பிடிபட்டது. அதற்குள் ஒரு பட்டறையில் இரண்டு டயரை வீணாக மாற்ற வைத்துவிட்டார்கள்.