காப்பியடிச்ச டெர்ம்ஸ் உங்க ஹோம்ஸ்டேவைக் காப்பாத்தாது

குன்னூர் பக்கத்துல ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே நடத்துற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: வெப்சைட் பண்ணிக் குடுத்த பையனே டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸும் போட்டுட்டான், படிச்சா ஒண்ணும் புரியல, கெஸ்ட் டிக் பண்ணிட்டா போதுமா, நாளைக்கு பிரச்சினைன்னா நிக்குமா?

அக்கா, நீங்க அனுப்புனத முழுசா படிச்சேன். ஏழாவது பாயிண்ட்ல "கடலில் இறங்குவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பு"ன்னு இருக்கு, ஏதோ பீச் ரிசார்ட் சைட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க. உங்க வாசல்ல இருக்கிறது தேயிலைத் தோட்டம், பொழுது சாஞ்சா காட்டெருமை நிக்கிற எடம், அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆறு மணிக்கு மேல தோட்டத்துப் பக்கம் நடக்காதீங்கன்னு எழுதுங்க, ரூம்லயும் ஒட்டுங்க, செக்-இன் அப்போ வாயாலயும் சொல்லுங்க. "எதுக்கும் நாங்க பொறுப்பில்ல"ன்னு மட்டும் போட்டுட்டு எச்சரிக்காம விட்டா அந்த வரி உங்களக் காப்பாத்தும்னு நம்பாதீங்க.

டிக் பண்றது செல்லும். 2000ஆம் வருஷ ஐடி சட்டத்துல 10ஏ பிரிவு, ஆன்லைன்ல ஒத்துக்கிட்டாங்கங்கிற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்ல முடியாதுங்குது. ஆனா கெஸ்ட் தானே டிக் பண்ணணும், முன்னாடியே டிக் போட்டு வைக்கக் கூடாது, 2020 இ-காமர்ஸ் விதி அதத் தடுக்குது. அதே விதிப்படி புகார் வாங்க ஒருத்தர் பேரும் நம்பரும் சைட்ல இருக்கணும், புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துல பதில், ஒரு மாசத்துல தீர்வு.

இப்ப ரீஃபண்ட். "எந்தக் காரணத்துக்கும் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது"ன்னு போட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. ஐப்பசி மழையில மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டுல பர்லியார் கிட்ட மண் சரிஞ்சு, கோத்தகிரி ரோட்டையும் அடைச்சுட்டா கெஸ்ட் எப்படி வருவாங்க, அது அவங்க தப்பில்லையே, 1872 ஒப்பந்தச் சட்டத்துல 56, 65 பிரிவுகளப் பார்த்தா நடக்கவே முடியாமப் போன ஒப்பந்தத்துக்கு வாங்குன பணத்தத் திருப்பித் தரணும்னுதான் வரும். அதே நேரம், ஒரு ரோடு மட்டும் மூடி இன்னொண்ணு தெறந்திருந்தா கத வேற. அதனால ரெண்டு ரோடும் மூடுனா முழுப் பணம், இத்தன நாளுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா இவ்வளவு, அதுக்கப்புறம்னா இவ்வளவுன்னு நாள் கணக்கோட எழுதுங்க. ஒரு மாசம் முன்னாடி கேன்சல் பண்ணி அந்த ரூம் வேற ஆளுக்குப் போயிடுச்சுன்னா, மொத்தத்தையும் வச்சுக்கிறது, நியாயமான நஷ்டஈடு மட்டும்தான்னு சொல்ற அதே ஒப்பந்தச் சட்டத்தோட 74வது பிரிவு முன்னாடி நிக்கிறது கஷ்டம், நஷ்டம்னு காட்ட உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

வெளியூர் வண்டி நீலகிரிக்குள்ள வர ஆன்லைன்ல எடுக்கிற இ-பாஸ மறக்காதீங்க. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து வந்துச்சு, 2025 சீசன்ல நீலகிரிக்கு சாதாரண நாள்ல 6000 வண்டி, வார இறுதியில 8000ன்னு கட்டுப்பாடும் வந்துச்சு. பாஸ் எடுக்கிறது யாரு, கிடைக்கலன்னா பணம் என்னாகும், ரெண்டையும் புக்கிங் பட்டனுக்கு மேலயே போடுங்க, பன்னெண்டாவது பாயிண்ட்ல ஒளிச்சு வைக்காதீங்க.

"வழக்கு மும்பை கோர்ட்டில் மட்டும்"ங்கிற வரியும் வேண்டாம், 2019 நுகர்வோர் சட்டப்படி கெஸ்ட் அவங்க குடியிருக்கிற ஊர் நுகர்வோர் கமிஷன்லயே புகார் குடுக்கலாம்.

திருத்துன தேதிய பக்கத்து மேல போட்டு, பழசையும் ஒரு காப்பி எடுத்து வைங்க. ஏற்கனவே புக் பண்ணவங்களுக்கு அவங்க டிக் பண்ணப்ப இருந்த பழைய டெர்ம்ஸ்தான் கணக்கு.