கேள்வி பதில்: ஓடுகிற சேர்வரை ஏன் மாற்ற வேண்டும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேர்வர் கதைதான், அதாவது மற்றக் கொம்பியூட்டர்கள் எல்லாம் பொதுவாகப் பாவிக்கும் தலைமைக் கொம்பியூட்டரின் கதை. காரணம் விளங்குகிறது. ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் கடை, கிளினிக், ரியூட்டரி என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கொம்பியூட்டருக்கு மாறினோம், அப்போது வாங்கிய பெட்டிகள் இப்போது ஒன்றாகக் கிழடாகிக்கொண்டு வருகின்றன. ஃபோன், லப்டொப் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்டான்லி வீதியில் மொத்த வியாபாரம் செய்கிறோம். 14 கொம்பியூட்டர். 2014 இல் போட்ட விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 இன்றுவரை ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது. எங்களுக்கு சேர்வர் பார்க்கும் தம்பி, "இனி இதை வைத்திருக்க ஏலாது அண்ணை, 2025 பதிப்புப் போடுவம், இருக்கிறதுக்கு மேலேயே ஏத்தலாம், ஒரு இரவு வேலை" என்கிறார். ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும்?

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. அந்த "ஒரு இரவு வேலை" தான் இடிக்கிறது.

2012 ஆர்2 க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த ஆதரவு 2023 ஒக்டோபர் 10 உடன் முடிந்தது. காசு கட்டி வாங்கும் மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 ஒக்டோபருக்கு அப்பால் இல்லை. அதற்காக மறுநாள் காலை சேர்வர் நின்றுவிடாது. பில் அடிக்கும், ஸ்டொக் காட்டும், எல்லாம் வழமைபோல நடக்கும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை வெளிப்பட்டால் அதை அடைத்துத் தர ஆள் இல்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ் வந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளையே முடக்கிப் போட்டது ஞாபகம் இருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அந்த மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது, போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். உங்களிடமோ, போடுவதற்குத் திருத்தமே இராது. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள் என்ற கணக்கு முழுக்க அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது, அதை மனதில் இருந்து திருப்பி எழுத முடியுமா என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

சரி, மாறுவது என்றால் எதற்கு? விண்டோஸ் சேர்வர் 2025, 2024 நவம்பரில் வந்தது, 2034 வரை திருத்தம் கிடைக்கும். அதற்கு முந்திய 2022 க்கு 2031 ஒக்டோபர் வரை. யாராவது 2016 ஐ மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள், அதன் காலம் 2027 ஜனவரியோடு சரி.

காசு விஷயத்தில் ஒன்றை யாரும் முதலில் சொல்வதில்லை. ஸ்டான்டர்ட் பதிப்பு வாங்கினால் சேர்வரில் எத்தனை கோர் (புரொசெசருக்குள் கணக்குப் போடும் பகுதி) இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு மேல் சேர்வரைப் பாவிக்கும் ஒவ்வொரு ஆளுக்கோ ஒவ்வொரு மெசினுக்கோ தனி அனுமதி வாங்க வேண்டும். விலை கேட்கும்போது பல பேர் முதலாவதை மட்டும் சொல்வார்கள், இரண்டாவது பிறகு தனி பில்லாக வரும். உங்கள் அளவு கடைக்கு எசென்ஷியல்ஸ் என்று ஒரு பதிப்பு இருக்கிறது. 25 பாவனையாளர், 50 மெசின் வரை அந்தத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு புரொசெசர், 10 கோருக்கு மேல் போக முடியாது, அதோடு புது சேர்வர் பெட்டியோடு சேர்த்துத்தான் விற்பார்கள். 14 கொம்பியூட்டருக்கு இது தாராளம். விலை கேட்கப் போகும்போது இந்தப் பெயரை நீங்களாகவே எடுங்கள், கடைக்காரர் பெரும்பாலும் எடுக்க மாட்டார், லாபம் குறைவு பாருங்கோ.

இனி "மேலேயே ஏத்தலாம்" என்ற கதை. 2012 ஆர்2 க்கு மேல் நேரே 2025 ஐ ஏற்ற மைக்ரோசொப்ட் வழி வைத்திருக்கிறது, உண்மை. முந்தி இரண்டு படிக்கு மேல் தாண்ட விடமாட்டார்கள், இப்போது நாலு படி தாண்டலாம். ஆனால் உங்கள் சேர்வர் சும்மா ஃபைல் வைக்கிற பெட்டி இல்லை, 14 கொம்பியூட்டரும் பாஸ்வேர்ட் கேட்டு லொகின் ஆவது அதனிடம்தான், அதாவது அதுதான் டொமைன் கொன்ட்ரோலர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சிக்கல் இருக்கிறது: 2025 ஐ டொமைன் கொன்ட்ரோலராக்க டொமைன், அதாவது அதன் கீழ் சேர்த்துவைத்த ஆட்களும் கொம்பியூட்டர்களும் அடங்கிய கூட்டம், குறைந்தது 2016 மட்டத்தில் இருக்க வேண்டும், 2012 ஆர்2 கொன்ட்ரோலர் ஒன்று உயிரோடு இருக்கும் வரை அந்த மட்டத்துக்கு ஏற்ற முடியாது. நடுவில் 2019 அல்லது 2022 ஒன்றைக் கொண்டுவந்து, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை விலக்கி, மட்டத்தை உயர்த்தி, அதன் பிறகுதான் 2025. ஒரு இரவில் இதைச் செய்வேன் என்பவர் இதற்கு முன் செய்யவில்லை என்று அர்த்தம்.

நான் என்றால் பழையதைத் தொடவே மாட்டேன். புதுப் பெட்டியில் புது டொமைன் ஒன்றை வெறுமையில் இருந்து கட்டுவேன். 14 கொம்பியூட்டரை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, இருட்டிவிடும், ஆனாலும் முடியும். 140 என்றால் இப்படிச் சொல்லமாட்டேன். பழைய சேர்வரை நெட்வேர்க்கில் இருந்து கழற்றி, அழிக்காமல் இரண்டு மாதம் அப்படியே மேசைக்குக் கீழே வையுங்கள், ஏதாவது பிழைத்தால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டும். மேலேயே ஏற்றினால் அந்த இடம் இராது. ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவே தேவையில்லை, 2022 ஆம் ஆண்டு மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒரு கொப்பியை எடுத்து, கடையில் சேர்வரோடு கதைக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். கொம்பியூட்டரை மட்டும் அல்ல. எனக்குப் பட்ட பாடம் இது. தெரிந்த ஒருவரின் அலுவலகத்தில் சனி இரவு புது சேர்வரைப் போட்டு, ஞாயிறு முழுக்க எல்லாக் கொம்பியூட்டரிலும் இருந்து பார்த்து, நல்லூர்த் தேர் இழுத்து முடித்த களைப்போடு வீட்டுக்கு வந்து படுத்தேன். திங்கள் எட்டரைக்கு ஃபோன்: ஸ்கான் போகுதில்லை. அங்கிருந்த போட்டோகொப்பி மெசின் ஸ்கான் செய்ததை சேர்வர் ஃபோல்டருக்கு அனுப்பும், அதற்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. என்ற பாஷையின் முதலாம் பதிப்பு மட்டும்தான். புது சேர்வரில் அந்தப் பதிப்பு போடப்பட்டு வருவதில்லை. போடலாம், வழி இருக்கிறது, முதலாளியும் "அதைப் போட்டுவிடும் தம்பி" என்று நின்றார். ஆனால் வன்னாக்ரை நுழைந்த கதவே அதுதான், பூட்டு வாங்கிக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்த கதையாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். கடைசியில் வேறு மெசின் வாங்கும் வரை பென் டிரைவில் ஸ்கான் எடுத்தார்கள், என்னைப் பேசிக்கொண்டே.

2025 இல் இப்படி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என்.டி.எல்.எம். முதலாம் பதிப்பு என்ற பழைய லொகின் முறையை முழுதாகவே எடுத்துவிட்டார்கள், ஆகவே மிகப் பழைய நெட்வேர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டிகள் முரண்டு பிடிக்கலாம். உங்கள் பில் சொப்ட்வெயர் எந்த டேட்டாபேஸில் ஓடுகிறது, அதை எழுதியவர் 2025 இல் ஓட்டிப் பார்த்தாரா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாரும் "ஓம் ஓம் வேலை செய்யும்" என்பார்கள். அவர் 2022 தான் நிச்சயம் என்றால், 2025 லைசென்ஸை வாங்கி 2022 ஐப் போட்டு ஓட்ட உரிமை இருக்கிறது, காசு வீண்போகாது. (வேர்ட்பாடையும் தூக்கிவிட்டார்கள். யாராவது அழுவார்களோ தெரியாது.)

கேள்வி: லினக்ஸ் இலவசம் என்கிறார்கள். திருநெல்வேலியில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம். நாங்கள் ஏன் மைக்ரோசொப்டுக்குக் காசு கொடுக்க வேண்டும்?

கொடுக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஃபைல்களைப் பொதுவாக வைக்க ஒரு இடம், பிரின்டர், பாக்கப். இதற்கு உபுண்டு சேர்வர் 24.04 அல்லது டெபியன் 13 என்ற லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஃபைல், பிரின்டரைப் பகிரும் சம்பா என்ற சொப்ட்வெயரைப் போட்டால் விண்டோஸ் கொம்பியூட்டர்களுக்கு வித்தியாசமே தெரியாது. சம்பா 2012 டிசெம்பரில் நாலாம் பதிப்பு வந்ததில் இருந்து டொமைன் கொன்ட்ரோலராகவும் நிற்கும். லைசென்ஸ் காசு சதமும் இல்லை.

ஆனால் ஆள் வேண்டும். லினக்ஸ் சேர்வர் ஒன்று இரவில் மக்கர் பண்ணினால் வந்து பார்க்கக்கூடிய ஆள் உங்கள் பக்கத்தில் யார்? கம்பஸ் பெடியன் ஒருவர் வடிவாகப் போட்டுத் தருவார், படிப்பு முடிய கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். நான் பார்த்த லினக்ஸ் சேர்வர் பிரச்சினைகளில் அரைவாசி லினக்ஸின் பிரச்சினையே இல்லை, இதுதான். செய்ததை எல்லாம் எழுதி வாங்குங்கள், பாஸ்வேர்டை உறையில் போட்டு உங்கள் அலுமாரியில் பூட்டுங்கள்.

இலவசம் என்பதற்குள்ளும் காலக்கெடு இருக்கிறது. உபுண்டு 24.04 க்கு ஐந்து வருடம், 2029 வரை. முன்பு சென்ட்ஓஎஸ் 8 என்ற இன்னொரு இலவச லினக்ஸை 2029 வரை ஓடும் என்று நம்பிப் போட்டவர்களுக்கு, 2020 டிசெம்பரில் வந்த அறிவிப்பு அடுத்த வருடக் கடைசியோடு முடிந்தது என்று சொன்னது. அவர்களில் கனபேர் பிறகு அல்மாலினக்ஸுக்கும் ரொக்கி லினக்ஸுக்கும் மாறினார்கள். காசு கொடுக்காத இடத்தில் சண்டை பிடிக்கவும் முடியாது.

கேள்வி: மைக்ரோசொப்ட் இணையத்தளத்தில் 180 நாள் சோதனைப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டு ஓட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாமா? அல்லது ஒன்லைனில் சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கிற லைசென்ஸ் கீ வாங்கவா?

சோதனைப் பிரதி நல்ல விஷயம், வாங்க முதல் உங்கள் பில் சொப்ட்வெயரை அதில் ஓட்டிப் பாருங்கள். வியாபாரத்தை அதில் ஏற்றாதீர்கள். நாள் முடிந்தால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக நிற்கும், அதோடு டொமைன் கொன்ட்ரோலராக்கி விட்டால் நேரே அசல் லைசென்ஸுக்கு மாற்றவும் முடியாது. அந்த மலிவுக் கீயைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், உங்களுக்கே விடை தெரியும்.

கேள்வி: விண்டோஸ் சேர்வர் 2025 இல் ரீஸ்டார்ட் செய்யாமலே திருத்தம் போடலாமாம். சுன்னாகத்தில் எங்கள் பார்மசிக்கு அது உதவுமா?

ஹொட்பாட்ச் என்பார்கள். வருடத்துக்கு நாலு தரம் ரீஸ்டார்ட் செய்தால் போதும், மற்ற மாதங்களில் ஓடிக்கொண்டே திருத்தம் ஏறும். சேர்வரை மைக்ரோசொப்டின் அசூர் ஆர்க் என்ற இணையவழி நிர்வாகச் சேவையோடு இணைக்க வேண்டும், 2025 ஜூலையில் கோர் ஒன்றுக்கு மாதம் 1.50 டொலர் என்று விலை வைத்தார்கள். அந்தக் கணக்கில் 16 கோருக்கு மாதம் 24 டொலர், வருடக் கணக்கை நீங்களே பெருக்குங்கள். இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிற பார்மசிக்கு எதற்கு? மாதாந்தத் திருத்தம் எங்கள் நேரத்துக்குச் செவ்வாய்க்கிழமை இரவு பிந்தி வெளிவரும், ஒரு வாரம் பொறுத்து, யாருக்காவது பிழைத்ததா என்று பார்த்து, பூட்டின பிறகு போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: புது சேர்வர் வந்துவிட்டது. காசு மேசைக்குக் கீழே வைத்திருக்கிறோம். பரவாயில்லையா? — மானிப்பாய்

காசு மேசைக்குக் கீழே காற்று இல்லை, புழுதி இருக்கிறது, காலால் பிளக் தட்டுப்படும். நிலத்தில் இருந்து ஒரு முழமாவது உயர்த்தி, பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல், பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். மழை வெள்ளம் உள்ளே வருகிற கடை என்றால் இன்னும் மேலே. யூ.பி.எஸ். வாங்கும்போது பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை மட்டும் பார்க்காமல், சேர்வருக்குக் கேபிளால் தகவல் கொடுத்து அதை ஒழுங்காக நிறுத்தக்கூடியதா என்றும் கேளுங்கள், பத்து நிமிடம் தாங்கினாலே அதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் நெட்வேர்க் கேபிள் வழியாகவும் மின்னல் வரும், ரவுட்டரின் பிளக்கை யூ.பி.எஸ். இல் போட்டால் மட்டும் போதாது, அந்தக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பாக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை சேர்வருக்கு மேலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்று பின்னேரமே அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.